ஸ்ட்ரோக்கர் இன்ஜினுக்கு எந்த கனெக்டிங் ராட்? ஜிப்ஸி 1.3-ஐ முன்வைத்து ஓர் ஒப்பீடு

குலசேகரம் தாண்டி பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டத்துக்குள் ஏறும் பாதைகளுக்கு ஜிப்ஸி போல ஒத்துவரும் வண்டி குறைவு. மாருதி 2019-ல் உற்பத்தியை நிறுத்திய பிறகு கையில் இருப்பதைத்தான் காப்பாற்றி ஓட்ட வேண்டியிருக்கிறது. அந்த 1298 சி.சி. இன்ஜினில் ஒரே குறை, கீழ் ஆர்.பி.எம்.மில் இழுவை போதாது. போர் (சிலிண்டரின் விட்டம்) 74 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 75.5 மி.மீ. சிலிண்டர் லைனரின் சுவருக்கு ஒரு எல்லை உண்டு என்பதால் போரை அதிகம் பெரிதாக்க முடியாது. எனவே ஸ்ட்ரோக்கை நீட்டும் யோசனை வருகிறது; அப்படி நீட்டிய இன்ஜின்தான் ஸ்ட்ரோக்கர். கிராங்க் வேலைக்கு யாரிடம் கொடுப்பது என்று பேசி முடித்ததும் அடுத்த கேள்வி, பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் ராட்: பழையதையே சீர்செய்து போடுவதா, வேறு இன்ஜினின் ராட்டைப் பொருத்துவதா, ஃபோர்ஜ்டு (அடித்து உருவாக்கிய) ஐ-பீம் வாங்குவதா, ஹெச்-பீம் வாங்குவதா?

பெரும்பாலான பேச்சு பீமின் வடிவத்தை, அதாவது ராட்டின் தண்டு குறுக்குவெட்டில் I போலவா H போலவா என்பதைச் சுற்றியே நடக்கிறது. அது கடைசியாகப் பார்க்க வேண்டிய விஷயம். முதலில் நீளம், அதன்பின் போல்ட், அதன்பின் பிக் எண்டின் (கிராங்கைப் பிடிக்கும் பெரிய முனையின்) அளவும் உருண்டையும். இந்த மூன்றும் சரியாக அமைந்தால் எந்த வடிவ ராட்டும் நம் பாதையில் தாங்கும். ஒன்று தவறினாலும் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ராட்டும் பிளாக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும்.

வேலையை ஆரம்பிக்கும் முன் ஒரு வார்த்தை. ஆர்.சி.யில் சி.சி. பதிவாகியிருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, பதிவான விவரத்திலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. போட்டிக்கும் தோட்டத்துக்குள்ளும் மட்டும் ஓடும் வண்டியா, நாகர்கோவில் – மார்த்தாண்டம் ரோட்டில் தினமும் ஓடும் வண்டியா என்பதைக் காசு செலவழிக்கும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

கிராங்கில் என்ன மாறுகிறது

இங்கே கைக்கு எட்டும் வழி ஆஃப்செட் கிரைண்டிங். ராட் ஜர்னலை (கிராங்கில் ராட் பூட்டும் உருளையை) அதன் நடுவிலிருந்து தள்ளி, கிராங்கின் வெளிப்புறமாகச் சாய்த்துக் கடைந்து சிறிதாக்குவது. இதில் நினைவில் வைக்க எளிய கணக்கு ஒன்று உண்டு: ஜர்னலின் விட்டம் எத்தனை மி.மீ. குறைகிறதோ, ஸ்ட்ரோக் அதிகபட்சம் அத்தனை மி.மீ. கூடும். 42 மி.மீ. ஜர்னலை 38-ஆக்கினால் மையம் 2 மி.மீ. நகரும், ஸ்ட்ரோக் 4 மி.மீ. கூடி 79.5 ஆகும். 74 மி.மீ. போரோடு 1368 சி.சி. கிடைக்கும். போரை 75 ஆக்கினால் 1400-ஐத் தாண்டும்.

இதற்கு ஒரு விலை உண்டு. மெயின் ஜர்னலும் (கிராங்க் பிளாக்கில் உட்காரும் உருளை) ராட் ஜர்னலும் பக்கவாட்டில் பார்க்கும்போது ஒன்றன்மேல் ஒன்று படியும் பகுதிதான் கிராங்கின் உறுதி. மெயின் 45, ராட் ஜர்னல் 42 என்று கொண்டால் அந்தப் படிவு 5.75 மி.மீ. ஆஃப்செட் கிரைண்டிங்குக்குப் பிறகு 1.75 மி.மீ.தான் மிஞ்சும். மேற்பரப்பின் கடினப் படலமும் கடைந்துபோகும். மறுபடி நைட்ரைடிங் (நைட்ரஜனால் மேற்பரப்பைக் கடினமாக்குவது) செய்யாமல், ஓரத்து ஃபில்லெட் வளைவைத் தாராளமாக விடாமல் அந்தக் கிராங்கைப் போடவே கூடாது. இப்படிப்பட்ட கிராங்கை 6500-க்கு மேல் சுற்றவிடுவது தற்கொலை. ஆகவே 9000 ஆர்.பி.எம். தாங்கும் ராட்டுக்குக் காசைக் கொட்டுவதிலும் அர்த்தமில்லை. ராட்டின் தேவையை நிர்ணயிப்பது கிராங்க்தான்.

நீளம்: மூன்று வழி, மூன்று விளைவு

கணக்குக்காக மூல ராட்டின் மையத்துக்கு மையம் நீளம் 120 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். உங்கள் இன்ஜினைக் கழற்றி அளந்து அந்த எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்ட்ரோக் 4 மி.மீ. கூடும்போது மூன்று வழிகள் உண்டு.

ஒன்று, 118 மி.மீ. ராட். பிஸ்டன் பழையதே போதும், மேலே போகும்போது பழைய உயரத்திலேயே நிற்கும். மலிவான வழி என்று பலர் இதைத் தேடுகிறார்கள். சிக்கல் கீழே இருக்கிறது. பிஸ்டன் அடிமட்டத்துக்கு வரும்போது பிஸ்டன் பின்னுக்கும் (பிஸ்டனை ராட்டோடு கோக்கும் தண்டு) கிராங்க் மையத்துக்கும் இடையே முன்பு 82.25 மி.மீ. தூரம் இருந்தது. இப்போது 78.25. அதாவது பிஸ்டனின் பாவாடை, அதன் கீழ்ச்சுவர், கிராங்கின் கவுண்டர்வெயிட்டை (எதிர் எடையை) நோக்கி 4 மி.மீ. இறங்கி வருகிறது. பாவாடையை வெட்டாமல் இது சுற்றாது. வெட்டினால் பிஸ்டன் லைனரில் ஆடும், குளிர்ந்த இன்ஜினில் தட்டும் சத்தம் வரும்.

இரண்டு, 120 மி.மீ.யே. பின்னிலிருந்து பிஸ்டன் தலைவரை உள்ள உயரம், அதாவது கம்ப்ரெஷன் ஹைட், 2 மி.மீ. குறைவான பிஸ்டன் வேண்டும். அடியில் இடைவெளி 2 மி.மீ. குறையும். பெரும்பாலும் சமாளிக்கலாம். ஆனால் அளந்து பார்க்காமல் நம்பக் கூடாது.

மூன்று, 122 மி.மீ. அடிமட்டத்தில் பின் நிற்கும் தூரம் 122-இல் 39.75 போக மறுபடி 82.25. கம்பெனி இன்ஜினின் அதே அளவு. பாவாடை கவுண்டர்வெயிட்டைத் தொடும் பிரச்சினையே எழாது. பொதுவாகச் சொன்னால், ஸ்ட்ரோக் கூடியதில் பாதியை ராட்டிலும் கூட்டினால் அடி இடைவெளி மாறாது. நீளமான ராட்டை விரும்புவதற்கு உண்மையான காரணம் இதுதான். பதிலுக்கு பிஸ்டனின் கம்ப்ரெஷன் ஹைட் 4 மி.மீ. குறைய வேண்டும். அந்த அளவில் பின் மேலே ஏறி, ஆயில் ரிங்கின் பள்ளத்தை எட்டிப் பார்க்கும். சில பிஸ்டன்களில் பின் துளை ஆயில் ரிங் பள்ளத்தையே வெட்டிவிடும். அங்கே ரிங்குக்கு அடியில் தாங்கு தகடு வைத்துத்தான் ஓட்ட வேண்டும். தினசரி வண்டிக்கு அது வேண்டாத தலைவலி, எண்ணெய் குடிக்க ஆரம்பிக்கும்.

ராட் விகிதம் பற்றி நிறையப் பேசுகிறார்கள். ராட் நீளத்தை ஸ்ட்ரோக்கால் வகுத்தால் வருவது அது. கம்பெனி இன்ஜின் 1.59, 118 போட்டால் 1.48, 120-க்கு 1.51, 122-க்கு 1.53. பிஸ்டனை லைனர் சுவரோடு அழுத்தும் ராட்டின் அதிகபட்சச் சாய்வைப் பார்த்தால் முறையே 18.3, 19.7, 19.3, 19.0 டிகிரி. ஒன்றரை டிகிரிக்குள் எல்லாம் அடங்கிவிடுகிறது. அமெரிக்காவில் ஸ்ட்ரோக்கர் என்றாலே நினைவுக்கு வரும் செவ்ரோலெட் 383-இலும் இதே கதைதான் (383, 350, 400 எல்லாம் கன அங்குலத்தில் இன்ஜின் அளவு). 350 பிளாக்கில் 95.25 மி.மீ. ஸ்ட்ரோக் கிராங்கைப் போட்டு, ஆரம்பத்தில் 400 இன்ஜினின் 5.565 அங்குல ராட்டையும், பின்னர் 5.7, 6.0 அங்குல ராட்டுகளையும் பயன்படுத்தினார்கள். விகிதம் 1.48-இலிருந்து 1.60 வரை. மூன்றும் ஓடின. 6.0 அங்குலத்தோடு வந்த உண்மையான லாபம், உயரம் குறைந்ததால் எடை குறைந்த பிஸ்டன்.

அந்த லாபத்தைக் கணக்கில் பார்ப்போம். பிஸ்டன், பின், ரிங், ராட்டின் மேல் பகுதி எல்லாம் சேர்த்து 400 கிராம் என்று கொள்ளுங்கள். 6500 ஆர்.பி.எம்.மில், 79.5 ஸ்ட்ரோக்கில், பிஸ்டன் உச்சியில் நின்று திரும்பும் அந்தக் கணத்தில் அது ராட்டை இழுக்கும் விசை ஏறக்குறைய 1000 கிலோ. 400 கிராம் ஒரு டன் ஆகிறது, அதுவும் நொடிக்கு நூறு தடவைக்கு மேல். 75.5 ஸ்ட்ரோக்கில் அதே வேகத்தில் 940 கிலோ. ஸ்ட்ரோக் கூடியதால் ஏறியது 60 கிலோ சொச்சம்தான். 7500-க்கு ஓட்டினாலோ 1330 கிலோவுக்குப் போகும், ஏனென்றால் வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். ராட்டை 120-இலிருந்து 122 ஆக்குவதால் குறையும் விசை அரை சதவீதம்கூட இல்லை. பிஸ்டனில் 10 கிராம் குறைத்தால் இரண்டரை சதவீதம் குறையும். நீளத்துக்காகச் சண்டை போடுவதைவிட லேசான பிஸ்டனையும் ரெவ் லிமிட்டையும் தேடுவது புத்திசாலித்தனம்.

ஆகவே தோட்டப் பாதைக்கும் ஊர் ரோட்டுக்கும் ஓடும் வண்டிக்கு 120-தான் சரி, பாவாடையில் இடைவெளி கிடைக்கும்வரை. கவுண்டர்வெயிட் தொட்டால் 121 அல்லது 122-க்கு நகருங்கள். 118-ஐ விட்டுவிடுங்கள். பிஸ்டனை முதலில் உறுதி செய்துவிட்டு ராட்டை வாங்குங்கள். ராட் விற்பனைக்குக் கிடைத்தது என்று முதலில் வாங்கியவர்கள் அதற்கேற்ற பிஸ்டன் கிடைக்காமல் ஆறு மாதம் காத்திருப்பார்கள்.

எந்த ராட்

கம்பெனி ராட்டைச் சீர்செய்து போடுவதை முதலில் எடுத்துக்கொள்வோம். ஆஃப்செட் கிரைண்டிங் செய்த கிராங்கில் இது ஒரு சுவரில் முட்டுகிறது: ஜர்னல் 38 ஆனால் 42-க்கு வார்த்த பிக் எண்டில் எந்த ஷெல்லை, அதாவது பேரிங் தகட்டை, போடுவது? தடிமனான அண்டர்சைஸ் ஷெல் 0.25, 0.50 மி.மீ. அளவில் கிடைக்கும், 4 மி.மீ.க்குக் கிடைக்காது. பிக் எண்டுக்குள் வளையம் அடித்துச் சிறிதாக்குவதாக யாராவது சொன்னால் அந்த இடத்திலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். 0.50 அண்டர்சைஸுக்குள் ஆஃப்செட் செய்து ஸ்ட்ரோக்கை அரை மி.மீ. மட்டும் கூட்டுபவருக்கே கம்பெனி ராட் பொருந்தும். அதற்கு இவ்வளவு பாடு படுவதில் பலன் இல்லை. முழு அளவு ஜர்னலோடு தனியாகச் செய்த கிராங்க் என்றால் கதை வேறு. அப்போது 6500-க்குள் ஓட்டும் இயல்பான இன்ஜினுக்கு நல்ல கம்பெனி ராட், புதிய போல்ட்டோடு, தாராளமாகப் போதும். காந்தத் துகள் சோதனையில் வெடிப்பு பார்த்து, ஷாட் பீனிங் (சிறு எஃகுக் குண்டுகளால் மேற்பரப்பை அடிப்பது) செய்து, பிக் எண்டை மறுஅளவு செய்தால் வேலை முடிந்தது. பிக் எண்டின் கீழ்ப் பாதியான கேப்பை உடைத்துப் பிரித்த வகை ராட்டுகளில் மட்டும் இந்த மறுஅளவு நடக்காது. உடைந்த முகத்தின் மேடுபள்ளமே கேப்பை இடத்தில் நிறுத்துகிறது, அதை அரைத்தால் பொருத்தமே போய்விடும்.

வேறு இன்ஜினின் ராட் இரண்டாவது வழி. சின்ன ஜர்னலுக்குப் பொருந்தும் பிக் எண்ட் கொண்ட ராட்டைத் தேடும்போது இது தவிர்க்க முடியாமல் வருகிறது. ஐந்து அளவுகள் ஒத்துவர வேண்டும்: பிக் எண்ட் துளை, பிக் எண்ட் அகலம், மைய நீளம், பின் விட்டம், ஸ்மால் எண்ட் (பிஸ்டன் பக்கத்து முனை) அகலம். அகலம் கூடுதலாக இருந்தால் கடையலாம். குறைவாக இருந்தால் ராட் ஜர்னலில் பக்கவாட்டில் அலையும், எண்ணெய் அதிகமாகத் தெறித்து லைனரில் ஏறும். ஆறாவதாக ஒன்றை எல்லோரும் மறக்கிறார்கள்: சேம்ஃபர். வி-வடிவ இன்ஜினில் ஒரே ஜர்னலில் இரண்டு ராட் அருகருகே நிற்கும். ஆகவே ஃபில்லெட்டைப் பார்க்கும் பக்கத்தில் மட்டும் ஓரம் சாய்த்து வெட்டியிருக்கும், மற்றப் பக்கம் தட்டை. அதை நம் நான்கு சிலிண்டர் இன்லைன் கிராங்கில் போட்டால், தட்டைப் பக்கம் ஃபில்லெட் வளைவின்மீது ஏறி உட்காரும். கையால் சுற்றும்போது லேசாக இறுக்கமாகத் தெரியும். ஓட ஆரம்பித்தால் ஷெல்லின் ஓரம் கருகும். இரண்டு பக்கமும் சாய்த்து, ஷெல்லின் ஓரத்தையும் ஃபில்லெட்டுக்குத் தக்கபடி சரிசெய்த பிறகே பொருத்த வேண்டும்.

மூன்றாவது வழி புதிய ஃபோர்ஜ்டு ராட். சந்தையில் 4340 என்று எழுதியிருப்பது நம் லேத் பட்டறைகளில் இ.என்.24 என்று சொல்லும் எஃகின் இனம். நிக்கல், குரோமியம், மாலிப்டினம் கலந்தது. அதுவே ஐ-பீமாகவும் வரும், ஹெச்-பீமாகவும் வரும். ஹெச்-பீம் பக்கங்களைத் தட்டையாகக் கடைவது எளிது, அதனால் விலை குறைவான செட்டுகள் பெரும்பாலும் ஹெச்-பீம்தான். ஐ-பீமில் ஃபோர்ஜிங் அச்சு நன்றாக இருக்க வேண்டும், நல்லதற்கு விலையும் அதிகம். பிளாக்குக்குள் இடம் நெருக்கடியாக இருக்கும்போது தோள் குறுகலான ஐ-பீம் எளிதாகத் தப்பும். சாதாரண இன்ஜினில், டர்போ இல்லாமல், இந்த இரண்டில் எதையும் எரிவாயுவின் அழுத்தத்தால் வளைக்க முடியாது. வளைந்த ராட் கழற்றினால் காரணம் பெரும்பாலும் தண்ணீர். மழைக்காலத்தில் கால்வாய் நிரம்பி ரோட்டில் ஓடும்போதோ ஆற்றுப் பாதையில் இறங்கும்போதோ காற்று வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போய்விடும். தண்ணீர் அமுங்காது, ராட்தான் அமுங்கும். எந்த வடிவமும் இதைத் தாங்காது. ஏர் இன்டேக்கை உயர்த்த வேண்டும், அதற்கு ராட்டை மாற்றுவது வைத்தியம் அல்ல.

தனியாகக் கடைந்து செய்யும் பில்லட் ராட், தேவையான நீளமோ பிக் எண்டோ கடையில் கிடைக்காதபோது மட்டும். அலுமினிய ராட் இழுபட்டு நீளும் தன்மை உடையது. அதனால் ஹெட்டுக்கும் பிஸ்டனுக்கும் இடையே எஃகு ராட்டுக்கு 1 மி.மீ. விட்டால் இதற்கு 1.5 மி.மீ. விட வேண்டும். களைப்பு ஆயுளும் குறைவு. டைட்டானியம் ராட்டின் பக்க முகம் கிராங்கோடு உரசினால் ஒட்டிப் பிய்யும், பூச்சு இல்லாமல் போட முடியாது. இரண்டும் நம் ரோட்டுக்கு உரியவை அல்ல.

போல்ட்

இதைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒரு டன் இழுப்பை ஒவ்வொரு சுற்றிலும் தாங்குவது இரண்டு போல்ட். அதுவும் எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்கின் உச்சியில், பிஸ்டன் மேல் எரிவாயு அழுத்தம் எதிர்க்காத நேரத்தில், முழு இழுப்பும் இவற்றின்மீது விழும். போல்ட் ஒரு நூல் நீண்டால் கேப் லேசாகத் திறக்கும், துளை முட்டை வடிவாகும், ஷெல் சுழலும், அதன்பின் ராட் அடிக்கும். கழற்றிப் பார்ப்பவர் "பேரிங் போயிட்டு" என்பார். போனது போல்ட்.

ஏ.ஆர்.பி. என்ற அமெரிக்கக் கம்பெனியின் போல்ட்டுகளில் மூன்று தரம் அடிக்கடி கண்ணில் படும். 8740 எஃகில் செய்தவை ஏறக்குறைய 2,00,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு) இழுப்பைத் தாங்கும். ஏ.ஆர்.பி. 2000 என்பது 2,20,000. எல்-19 என்பது 2,60,000. எண் பெரிது என்பதற்காக எல்-19-ஐ எடுக்காதீர்கள். அந்த உலோகம் ஈரத்துக்கு மிகவும் கூச்சமானது. ஈரப்பதமும் உப்பும் பட்டால் ஹைட்ரஜன் உள்ளே புகுந்து, வெளியில் எந்த அடையாளமும் காட்டாமல் திடீரென ஒடியும். வெறும் கையால் தொடுவதே தவறு, எண்ணெய் பூசிய உறையிலிருந்து எடுத்து நேரே பொருத்த வேண்டும். குளச்சலிலும் முட்டத்திலும் கதவுக் கீல் ஒரே வருஷத்தில் துருவேறும் காற்று நம்முடையது. இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் வேறு. பட்டறை மேசையில் இரண்டு நாள் கிடந்த எல்-19 போல்ட்டை நம்பி இன்ஜினை மூடக் கூடாது. 6500-க்குள் ஓடும் ஸ்ட்ரோக்கருக்கு ஏ.ஆர்.பி. 2000 போதும் போதும். 8740-யும் சமாளிக்கும், விலை வித்தியாசம் சிறிது என்பதால் 2000-ஐ எடுங்கள்.

முறுக்குவதில் டார்க் ரெஞ்ச் எண்ணை மட்டும் நம்பினால் ஏமாறலாம். உராய்வு மாறினால் அதே டார்க்கில் போல்ட் வேறு அளவு இழுபடும். போல்ட்டோடு வரும் பசையைத்தான் நூலிலும் தலையின் அடியிலும் பூச வேண்டும், கைக்குக் கிடைத்த கிரீஸை அல்ல. சரியான முறை நீட்சியை அளப்பது: போல்ட்டின் இரு முனைக் குழியிலும் கேஜை வைத்து, முறுக்குவதற்கு முன் பூஜ்யம் செய்து, ராட் தயாரிப்பாளர் சொன்ன நீட்சி வரும்வரை முறுக்க வேண்டும். பல ராட்டுகளுக்கு இது 0.14 முதல் 0.16 மி.மீ. அளவில் இருக்கும், ஆனால் உங்கள் தாளில் என்ன இருக்கிறதோ அதுவே வேதம். டார்க் முறையிலேயே செய்ய நேர்ந்தால் அலகைக் கவனியுங்கள். ஒரு கிலோகிராம்-மீட்டர் டார்க் என்பது 9.8 நியூட்டன் மீட்டர், 7.2 அடி-பவுண்டு. வெளிநாட்டுத் தாளில் அடி-பவுண்டு இருக்கும், பட்டறை ரெஞ்சில் நியூட்டன் மீட்டர் இருக்கும். 35 அடி-பவுண்டை 35 நியூட்டன் மீட்டர் என்று முறுக்கினால் நான்கில் ஒரு பங்கு இறுக்கம் குறைந்த போல்ட்டோடு இன்ஜின் வெளியே போகும்.

பெட்டியைத் திறந்ததும்

புதிய ராட் என்பதால் சரியாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். போல்ட்டை முழு நீட்சிக்கு முறுக்கி, ஷெல் இல்லாமல் பிக் எண்டை போர் கேஜால் மூன்று திசையில் அளங்கள். திசைக்குத் திசை 0.01 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் கூடாது. பிறகு ஷெல்லோடு அளந்து, ஜர்னல் மைக்ரோமீட்டர் அளவைக் கழியுங்கள். ஜர்னல் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு எண்ணெய் இடைவெளி நல்ல ஆரம்பம்: 38 மி.மீ.க்கு 0.038. பிளாஸ்டிகேஜ் (நசுக்கி இடைவெளி பார்க்கும் பிளாஸ்டிக் இழை) சரிபார்க்க மட்டும், முடிவெடுக்க அல்ல.

வளைவையும் முறுக்கலையும் இரண்டு துளையிலும் அளவான தண்டைச் செருகி, வி-பிளாக்கில் வைத்து டயலால் பாருங்கள். 100 மி.மீ. நீளத்துக்கு வளைவு 0.05, முறுக்கல் 0.10 தாண்டினால் திருப்பி அனுப்புங்கள். மிதக்கும் பின் வகையில் வெண்கல புஷ்ஷுக்கும் பின்னுக்கும் 0.013 முதல் 0.020 வரை இருக்கட்டும். எண்ணெய் தடவிய பிஸ்டன் பின் தன் எடையில் மெதுவாக வழுக்கி இறங்க வேண்டும், தொப்பென்று விழக் கூடாது.

ராட்டை முழுதாக எடைபோட்டு அதோடு விட்டுவிடாதீர்கள். ஒரு முனையை பேரிங் உருளையில் தொங்கவிட்டு மறுமுனையைத் தராசில் வைத்து, பிக் எண்ட் தனியாக, ஸ்மால் எண்ட் தனியாக எடுக்க வேண்டும். நான்கிலும் மிக லேசானதற்கு மற்றவற்றை ஒரு கிராமுக்குள் கொண்டுவாருங்கள். உரசும் கோடு ராட்டின் நீளவாக்கில் ஓடட்டும். குறுக்காக விழும் ஒவ்வொரு கீறலும் வெடிப்பின் தொடக்கம். இன்லைன் நான்கில் கிராங்குக்குத் தனி பாப்வெயிட் (பேலன்ஸ் செய்யும்போது ஜர்னலில் மாட்டும் எடை) தேவையில்லை, ஆனால் ஆஃப்செட் செய்த கிராங்கை மட்டும் தனியாக டைனமிக் பேலன்ஸ் செய்தே ஆக வேண்டும். நாகர்கோவிலில் முடியாத வேலை என்றால் கோயம்புத்தூருக்கு அனுப்பிவிடுங்கள்.

பிளாக்கில் பொருத்திப் பார்ப்பது அடுத்தது. ஷெல்லுக்கு எண்ணெய் விட்டு, ரிங் இல்லாத பிஸ்டனோடு ஒரு சிலிண்டர் மட்டும் பூட்டி, கிராங்கைக் கையால் சுற்றுங்கள். போல்ட் தலையும் கேப்பின் தோளும் லைனர் அடியையும் பிளாக் சுவரையும் ஆயில் பிக்அப் குழாயையும் கடக்கும் இடத்தில் 1.5 மி.மீ. இருக்க வேண்டும். 1.5 மி.மீ. கம்பியை வளைத்து நுழைத்துப் பார்ப்பது எளிய வழி. ஆஃப்செட் கிராங்கில் ஒரு நல்ல விஷயம் உண்டு: ராட் 2 மி.மீ. வெளியே போனாலும், சின்ன ஜர்னலுக்கான பிக் எண்ட் தன் ஆரத்தில் ஏறக்குறைய அந்த 2 மி.மீ.யைத் திருப்பித் தந்துவிடும். முழு ஜர்னல் கிராங்கில் இந்தச் சலுகை இல்லை, பிளாக்கை உரச வேண்டி வரும். ஒரு சிலிண்டரில் தப்பியது மற்றதிலும் தப்பும் என்று விடாமல் நான்கையும் பாருங்கள். வார்ப்பு எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இராது. மேலே ஹெட்டையும் களிமண் உருண்டையையும் வைத்துச் சுற்றி, பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் 1 மி.மீ. இருப்பதை உறுதி செய்யுங்கள். கம்ப்ரெஷனும் மாறியிருக்கும்: 9:1 இருந்த இன்ஜின், அறை மாறாதபோது, 79.5 ஸ்ட்ரோக்கில் 9.4 ஆகிவிடும். பெட்ரோலின் தரத்துக்கும் டைமிங்குக்கும் அதைக் கணக்கில் கொள்ளுங்கள்.

மலைப் பாதையில் ஓட்டுபவருக்கு இன்னொன்று. செங்குத்தான ஏற்றத்தில் எண்ணெய், சம்பின் (இன்ஜினின் அடித் தொட்டியின்) பின்பக்கம் ஓடிவிட்டால் பிக்அப் காற்றைக் குடிக்கும். ராட் பேரிங் சில நொடிகளில் சூடாகிவிடும். பழி ராட்டின்மீது விழும். சம்பில் தடுப்புத் தகடு வைப்பது, நல்ல ராட் வாங்கும் அளவுக்கே அவசியம்.

புல்லட், ஆர்.எக்ஸ். வைத்திருப்பவர்களுக்கு

இந்த பைக்குகளின் அழுத்திப் பூட்டும் கிராங்கில் தேர்வு வேறு. ராட் இரண்டாகப் பிரியாது. ராட், பின், நீடில் பேரிங், வாஷர் எல்லாம் சேர்ந்த கிட்டாக வரும். யமஹா ஆர்.எக்ஸ். 100-இல் போரும் ஸ்ட்ரோக்கும் 50 மி.மீ. ஸ்ட்ரோக் 4 மி.மீ. கூடினால் பிஸ்டன் மேலே 2, கீழே 2 போகும். அடியில் 2 மி.மீ. ஸ்பேசர் வைத்தால் போர்ட் டைமிங் (சிலிண்டர் துளைகள் திறந்து மூடும் நேரம்) மாறும், அதைப் புரிந்துகொண்டு செய்யாவிட்டால் இழுவை கூடுவதற்குப் பதில் குறையும். 350 யு.சி.இ. (இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒன்றான) புல்லட்டின் ஸ்ட்ரோக் ஏற்கெனவே 90 மி.மீ., போர் 70 தான். அதில் ஸ்ட்ரோக்கை நீட்டுவது காசுக்கு ஏற்ற வேலை அல்ல. கிட்டை வாங்கும்போது பிராண்டைவிட, பூட்டிய பிறகு கிராங்கை டயலில் வைத்து 0.03 மி.மீ.க்குள் நேர்செய்யத் தெரிந்த கையைத் தேடுங்கள்.

போல்ட் புத்தகம்

ஒவ்வொரு போல்ட்டையும் முறுக்குவதற்கு முன் மைக்ரோமீட்டரால் அளந்து, எந்த ராட், எந்தப் பக்கம் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். முதல் 50 கிலோமீட்டரில் எண்ணெயை மாற்றி, ஃபில்டரை வெட்டி விரித்துப் பாருங்கள். செம்பு நிறத் துகள் தெரிந்தால் ஷெல்லின் மேல்பூச்சைத் தாண்டி அடுக்கு தேய்ந்துவிட்டது. வண்டியை அங்கேயே நிறுத்திவிடுங்கள். 500 கிலோமீட்டரில் மறுபடி ஒரு தடவை. அடுத்து என்றைக்கு இன்ஜினைத் திறந்தாலும் போல்ட்டைத் தளர்த்திய நிலையில் அளந்து நோட்டோடு ஒப்பிடுங்கள். 0.025 மி.மீ. நீண்டிருந்தால் அந்த போல்ட்டை எறிந்துவிட்டு, அந்த ராட்டின் இரண்டு போல்ட்டையும் மாற்றி, பிக் எண்டை மறுபடி அளந்த பிறகே மூடுங்கள்.